மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பறை

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போற டவுன் பஸ்ஸில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்து பாருங்க. முன் சீட்டில் ரெண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கிட்டு வருவாங்க. பின்னாடி ஒருத்தர் போனில் தெலுங்கு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டால் எல்லாரும் தமிழுக்கு மாறிடுவாங்க. யாரும் இதை அதிசயமாக நினைப்பதில்லை. சுருளி அருவிக்குப் போனால் அங்கே சுருளி வேலப்பர் இருக்கிறார், பக்கத்திலேயே தர்காவும் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க வருகிற கூட்டத்துக்கு அதுவும் அதிசயமில்லை.

இந்த பஸ்ஸில் போகிற வீடுகளின் பிள்ளைகள்தான் பள்ளத்தாக்கின் அரசுப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

"இன்டர்நெட் வழியாகப் பிள்ளைகளுக்குப் பிற பண்பாடுகளைச் சொல்லித்தருவது எப்படி" என்ற கேள்வியைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கணினிக்கும் முந்தைய வரலாறும் இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு ஞாபகம் வந்தது அந்த பஸ்தான். பக்கத்து பெஞ்சுப் பையன் வீட்டில் என்ன மொழி பேசுகிறான் என்று தெரியாத பிள்ளைக்கு ஜப்பானை ஸ்க்ரீனில் காட்டினால் என்ன நடக்கும்? இந்தச் சந்தேகத்தோடு அந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

பெஞ்சில் இருக்கிற உலகம்

முதலில் நம்ம ஊர்க் கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் ஒக்கலிகர், காப்பிலியர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள். கம்பளத்து நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. ராவுத்தர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். உத்தமபாளையத்தின் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-இல் தொடங்கியது. பள்ளத்தாக்கில் எல்லா சாதி மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்திருக்கிறார்கள். ராயப்பன்பட்டியில் பழைய கத்தோலிக்கக் குடியிருப்பு. மலைச்சரிவுகளில் பளியர். உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பும் இங்கே ஒரே மதம் இருந்ததில்லை என்பதற்குச் சாட்சி ரோட்டோரத்திலேயே நிற்கிறது.

கூடலூருக்கு மேலே, மாநில எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோவில். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் திறப்பு. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்யும். தமிழர்கள் பளியன்குடி வழியாக நடந்து ஏறுவார்கள், குமுளியிலிருந்து ஜீப்பில் வருவார்கள். தமிழ் முறையிலும் பூஜை நடக்கும், கேரள முறையிலும் நடக்கும். கோவில் யாருடையது என்ற தகராறு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு நாள் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதில் எவ்வளவு பாடமாகிறது? பிள்ளைகள் வகுப்பறை வாசலில் வீட்டு மொழியைச் செருப்போடு கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அது யாரோ கொடுமைக்காரர் போட்ட சட்டம் இல்லை. பொது மொழி ஒன்று வேண்டும், அது தமிழ், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் வீட்டு மொழி கேலிக்குரிய விஷயமாக ஆகும்போது பிள்ளை அதை ஒளிக்கக் கற்றுக்கொள்கிறது. பன்மையைப் பற்றிய முதல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது, தப்பான பாடமாக.

அச்சுக்கூடம் வச்ச வாத்தியார்

இப்போது பிரான்ஸுக்கு ஒரு தாவல். காரணம் இருக்கிறது. இன்டர்நெட்டை வைத்து வகுப்பறைகளை இணைக்கிறவர்கள் தங்கள் முன்னோடியாகச் சொல்லும் பெயர் செலெஸ்தேன் ஃப்ரெனே. 1896-இல் பிறந்தவர், முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். அதனால் வகுப்பில் நீண்ட நேரம் பேச முடியாது. தெற்குப் பிரான்ஸின் பார்-சூர்-லூ என்ற கிராமத்துப் பள்ளியில் வேலை. மூச்சு முட்டும் வாத்தியார் என்ன செய்வார்? பிள்ளைகளைப் பேச வைத்தார், எழுத வைத்தார். 1924-இல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தங்கள் கிராமத்தில் பார்த்ததை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து, அச்சடித்தார்கள்.

1926-இல் இந்த அச்சுத் தாள்கள் நாட்டின் மறுகோடிக்குப் போகத் தொடங்கின. பிரித்தானி கடற்கரையில் த்ரெகன்க் பகுதியில் ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் வகுப்புக்கு. அங்கேயிருந்து அவர்கள் தாள்கள் இங்கே வந்தன. ஒரு பக்கம் மலைக் கிராமம், இன்னொரு பக்கம் மீனவர் கரை. ஒரு பக்கத்து வீட்டு மொழி ப்ரொவான்சால், இன்னொரு பக்கத்து வீட்டு மொழி பிரெத்தோன். அந்தக் காலப் பிரெஞ்சுப் பள்ளிகளில் வீட்டு மொழி பேசினால் தண்டனை உண்டு. பிரித்தானியில் பிரெத்தோன் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு அடையாளத்தைத் தொங்கவிடுகிற வழக்கம்கூட இருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. தூரத்துப் பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்தபோது இவர்களுக்குத் தங்கள் ஊரே தெரியவில்லை. ஒலிவ எண்ணெய் எப்படி ஆட்டுகிறார்கள் என்று கடற்கரைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால் செக்குக்காரரிடம் போய்க் கேட்டாக வேண்டும். தினம் பார்க்கிற சமாச்சாரத்தை, பார்க்காதவனுக்கு விளக்கும்போதுதான் அது அறிவாகிறது. அடுத்தவனைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்கிய வேலை, தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வதில் போய் நின்றது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு அச்சு இயந்திரமும் தபால் தலையும்தான்.

மோடம் காலம்

தபால் போய் மோடம் வந்தது 1980களில். 1988-இல் பனிப்போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியாக இணைக்கும் ஒரு திட்டத்தைப் பீட்டர் கோப்பன் என்பவர் தொடங்கினார். எதிரி நாட்டுப் பிள்ளைகள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஐஎர்ன் என்ற பன்னாட்டுப் பள்ளி வலைப்பின்னல். அங்கே ஒரு விதி உண்டு: சும்மா அறிமுகம் செய்துகொண்டு போகக்கூடாது, இரண்டு பக்கமும் சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இட்வின்னிங் என்ற பெயரில் இதையே அரசுத் திட்டமாக ஆக்கியது.

அந்த விதி ஏன் வந்தது? "ஹலோ, என் பெயர் இன்னது, எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும், உனக்கு என்ன பிடிக்கும்" என்று தொடங்கும் கடிதம் மூன்றாவது வாரத்தில் செத்துவிடும். பேனா நண்பர் வைத்திருந்த தலைமுறைக்கு இது நல்லாவே தெரியும். பேச்சு நிலைக்க வேண்டுமானால் பேச ஒரு காரியம் வேண்டும்.

ரத்தம் சிந்திய இடங்களில்

நல்லா இருக்கிற நாடுகளில் பண்பாட்டுப் பரிமாற்றம் ஒரு அலங்காரம். சண்டை நடந்த இடங்களில் அது அவசியம். இரண்டு உதாரணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். முப்பது வருஷ வன்முறைக்குப் பிறகு 1998 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம். அடுத்த வருஷமே, 1999-இல், "எல்லைகளைக் கரைத்தல்" என்று பொருள்படும் பெயரில் ஒரு பள்ளித் திட்டம் வந்தது. வட அயர்லாந்துப் பள்ளி ஒன்று, தெற்கே அயர்லாந்துக் குடியரசின் பள்ளி ஒன்று என்று ஜோடி சேர்த்து, இணையம் வழியாகவும் வீடியோ வழியாகவும் ஒரே பாடத்தைச் சேர்ந்து செய்ய வைத்தார்கள். அல்ஸ்டர் பல்கலைக்கழகமும் மேனூத் பல்கலைக்கழகமும் நடத்தின. 2014 வரை ஓடியது. ஆரம்பத்திலேயே மதத்தையும் துப்பாக்கியையும் பேச வைக்கவில்லை. உள்ளூர் வரலாறு, சுற்றுச்சூழல் மாதிரியான பாடங்கள். பழக்கம் ஏற்பட்ட பிறகு கஷ்டமான விஷயத்துக்கு இடம் தானாக வரும் என்ற கணக்கு.

இரண்டாவது இஸ்ரேல். 2005-இல் மோஃபெட் நிறுவனத்தில் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து ஒரு மையம் தொடங்கினார்கள்: ஒருவர் மதப்பற்றுள்ள யூதர், ஒருவர் மதச்சார்பற்ற யூதர், ஒருவர் அரபு முஸ்லிம். மாணவர்களை ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று பிரிவிலிருந்தும் இரண்டிரண்டு பேர். முதலில் எழுத்து மட்டும். முகம் தெரியாது, உடை தெரியாது, உச்சரிப்பு தெரியாது. வேலை முன்னேறிய பிறகு குரல். அதற்குப் பிறகு வீடியோ. கடைசியில் முடிந்தால் நேரில். முகத்தை வைத்து முடிவு கட்டுவதற்கு முன்னால் ஆளின் வேலையை அறிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு. 2015-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, இந்த ஒரு வருஷப் படிப்பை முடித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. படித்தவர்களிடம் மற்ற சமூகத்தின் மீதான வெறுப்பு குறைந்திருந்தது. அதனால் அந்த நாட்டில் சமாதானம் வந்துவிட்டதா என்றால் வரவில்லை, அது நமக்கே தெரியும். ஒரு வகுப்பறையால் முடிவது ஒரு வகுப்பறை அளவுதான்.

இவர்கள் எல்லாரும் அடிப்படையாக எடுத்துக்கொண்டது அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய ஒரு கருத்து. இரண்டு கூட்டத்தாரைச் சும்மா ஒரே இடத்தில் விட்டால் வெறுப்பு குறைந்துவிடாது, கூடவும் செய்யலாம். குறைய வேண்டுமானால் நான்கு நிபந்தனை: இரண்டு பேருக்கும் சம அந்தஸ்து, பொதுவான குறிக்கோள், சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருக்கிற அமைப்பின் ஆதரவு. நம்ம ஊர் வகுப்பறையை இந்த நான்கையும் வைத்து அளந்து பாருங்க. ஒரே அறை, ஒரே சீருடை, ஒரே சத்துணவு. இருந்தும் சில பள்ளிகளில் வெறுப்பு ஏன் குறையவில்லை என்பது கொஞ்சம் புரியும்.

நம்ம பக்கம் வந்த இன்டர்நெட்

தமிழ்நாட்டுக் கதை வேற மாதிரி. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு, அதில்தான் இன்றைய தமிழ்99 விசைப்பலகைக்கு வழி பிறந்தது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். உலகத்தில் பல இடங்களில் இருக்கிற தமிழர் பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும் என்பதே அதன் நோக்கம். மூன்றுமே பெரிய காரியங்கள். கவனித்தால் மூன்றிலும் திசை ஒன்றுதான்: தமிழரிடமிருந்து தமிழருக்கு. அந்தக் கட்டத்தில் தேவை அதுவாகத்தான் இருந்தது.

பிறகு அரசுப் பள்ளிகளுக்குக் கருவி வந்தது. 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப். 2018-இல் புதிய பாடப்புத்தகங்கள், பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதே காலத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம், நம்ம பேச்சில் ஹைடெக் லேப். 2022 அக்டோபரில் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடத் தொடங்கினார்கள், முதலில் சார்லி சாப்ளினின் 'தி கிட்'. 1921-இல் எடுத்த ஒரு ஊமைப்படத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள், அழுதார்கள். மொழியே தேவைப்படாத பன்மைப் பாடம் அது. நல்ல முடிவு.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் தண்ணீர் மேலேயிருந்து கீழே வருகிறது. சென்னையில் தயாராகும் வீடியோ, பிள்ளை ஸ்கேன் பண்ணிப் பார்க்கும். பிள்ளை எழுதியது மேலே போய் இன்னொரு பள்ளிக்கு இறங்கும் வாய்க்கால் ரொம்பக் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010-இலிருந்து தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்குகிறது. பிள்ளைகளே பானை ஓடு சேகரித்து, கல்வெட்டுப் படித்து, தங்கள் ஊர் வரலாற்றை எழுதுகிறார்கள். 2017-இல் ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி தந்தார்கள். ஃப்ரெனேயின் வழிக்குப் பக்கத்தில் வருவது இந்த மாதிரி முயற்சிகள்தான்.

2011 டிசம்பர்

லேப்டாப் வந்த அதே 2011-இன் கடைசியில் பள்ளத்தாக்கு வேறொன்றைப் பார்த்தது. முல்லைப் பெரியாறு.

1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் 999 வருஷக் குத்தகை. 1895-இல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்தார். அணை நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு, தண்ணீர் பாய்வது ஐந்து மாவட்டங்களுக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான். இங்கே பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் இருக்கிற பிள்ளைக்கு அதே அணை ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று. அணை பழசு, உடைந்தால் முதலில் நாம்தான் என்று கேட்டே வளர்ந்திருக்கும். இந்தப் பிள்ளையின் பயமும் பொய் இல்லை, அந்தப் பிள்ளையின் வயலும் பொய் இல்லை.

2011 நவம்பர், டிசம்பரில் இரண்டு பக்கமும் கொதித்தது. அணை உடைவதாகக் காட்டும் ஒரு படம் வேறு அப்போதுதான் வந்தது, தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். கம்பம், கூடலூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளிகள் பயந்து மலையிறங்கி ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம் இருந்த மலையாளிகளின் கடைகளும் தப்பவில்லை. விடியக்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குப் பல நாள் கூலி போச்சு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் பேச்சு ஓயவில்லை.

கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தூரம்தான். இரண்டு ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கு, கணினி இருக்கு. அந்த ரெண்டு வகுப்பறையும் அதற்கு முன்னால் ஐந்து வருஷம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தால் டிசம்பரில் கலவரமே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வதந்தி வந்தபோது, "அங்கே நிஜமா என்ன நடக்குது" என்று கேட்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். வதந்தி காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

மலையாளிகள் எழுதிய கலைக்களஞ்சியம்

அந்தப் பக்கம் ஒரு வேலை நடந்திருக்கிறது, அதை நாம் கவனித்ததாகத் தெரியவில்லை. கேரளத்தில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். 2009-இல் பள்ளி விக்கி என்ற தளத்தை ஆரம்பித்தார்கள். இன்று 15,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அதில் பக்கம் உண்டு. பள்ளி எப்போது, யார் கொடுத்த நிலத்தில் தொடங்கியது, ஊர்ப் பெயர் எப்படி வந்தது, ஊரின் வழக்குச் சொற்கள் என்ன, திருவிழா என்ன, யார் யார் குடியேறினார்கள் என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். எல்லாப் பக்கமும் தரமாக இருக்காது. சிலது நாலு வரியில் நிற்கும். ஆனால் எழுதுகிற உரிமை பள்ளிக்கு, படிக்கிற உரிமை எல்லாருக்கும்.

இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குப் போன நம்ம சனங்களின் பேரப்பிள்ளைகள் படிக்கிற பள்ளிகள். அவர்களுடைய கதையும் அங்கேதான் எழுதப்பட வேண்டியிருக்கிறது. ஒரு வகையில் அது கம்பம் பள்ளத்தாக்கின் கதையின் இரண்டாம் பாகம்.

சட்டைப்பையில் இருக்கிற இன்டர்நெட்

வகுப்பறை இணையத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் அதை வேறு இடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சாதிப் பாட்டுப் போட்ட குட்டி வீடியோ, தலைவர் படம் போட்ட ஸ்டேட்டஸ், கையில் சாதிக் கயிறு தெரிய எடுத்த செல்ஃபி. இணையம் பன்மையைத் தானாகக் கற்றுத்தரும் என்று 1990களில் பலர் நம்பினார்கள். நடந்தது என்னவென்றால், தன்னைப் போன்றவர்களையே தேடித்தேடிக் காட்டுகிற வேலையை அது நல்லா செய்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூக மாணவனையும் அவன் தங்கையையும் கூடப்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு வேண்டாம். மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று பல பரிந்துரைகள். எங்கள் மாவட்டத்தில் அரசு கள்ளர் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று போர்டிலேயே பெயர் தாங்கிய பள்ளிகள் உண்டு. படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்குப் படிப்புக் கொடுக்க வந்த பள்ளிகள் அவை, அந்த வரலாறு மதிக்க வேண்டியது. பெயரை எடுப்பதா வைப்பதா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறார்கள்.

அகரவரிசையில் உட்கார வைப்பது நல்ல தொடக்கம். ஆனால் ஆல்போர்ட் கணக்கில் அது பக்கத்தில் உட்கார வைப்பது மட்டும்தான். சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும் என்பது பாக்கி நிற்கிறது.

ஒரு ஏலக்காய்

அந்த வேலை என்னவாக இருக்கலாம்? என் மனசில் ஓடுகிற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஏலக்காயை எடுத்துக்கொள்ளலாம். விளைவது இடுக்கி மலையில். பறிக்கப் போகிறவர்களில் ஏராளம் பேர் நம்ம பள்ளத்தாக்குப் பெண்கள். தோட்டக்காரர்களில் மலையாளிகள் இருக்கிறார்கள், போடி, கம்பம் பக்கத்துத் தமிழர்களும் நிறைய இருக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அந்தப் பக்கம் புற்றடியிலும் இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. ஆக ஏலக்காய்க்கு எல்லை இல்லை. பள்ளத்தாக்கில் ஒரு எட்டாம் வகுப்பு, குமுளிப் பக்கம் ஒரு எட்டாம் வகுப்பு. மூணு மூணு பேராகக் கலந்து ஆறு பேர் குழு. "ஒரு கிலோ ஏலக்காய் யார் யார் கையைத் தாண்டி வருகிறது" என்பது கேள்வி. முதல் மாசம் எழுத்து மட்டும். ஒருவர் தமிழில் எழுதட்டும், ஒருவர் மலையாளத்தில் எழுதட்டும், மாற்றித் தர இப்போது கருவி இருக்கு. தப்பாக மாற்றினால் அதுவே ஒரு பாடம், வகுப்பே சிரிக்கும். இரண்டாம் மாசம் குரல். கடைசியில் ஒரு நாள் நேரில்.

வேலை நடக்கும்போது என்ன ஆகும் என்று பாருங்க. கூலி, ஜீப், விடியக்காலை நாலு மணி பற்றி எழுதணும் என்றால் தோட்டத்துக்குப் போகிற அம்மாவைப் பேட்டி எடுக்கணும். இத்தனை நாள் அம்மா கூலிக்குப் போவதைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளை அந்தக் குழுவின் முக்கியமான ஆளாகிவிடும். ஏலக்காய்க்குக் கன்னடத்தில் என்ன, தெலுங்கில் என்ன என்று மலையாளப் பையன் கேட்டால் பதில் சொல்ல இங்கே பெஞ்சிலேயே ஆள் இருக்கு. வாசலில் கழற்றி விட்ட வீட்டு மொழி மெதுவாக உள்ளே வரும். தொலைவில் இருப்பவன் கேட்ட கேள்வியால் பக்கத்தில் இருப்பவனைக் கவனிக்க வேண்டி வரும். பார்-சூர்-லூவில் நடந்ததும் இதுதான்.

அணையைப் பற்றி எப்போது பேசுவது? அவர்களே கேட்பார்கள். ஏலக்காயில் பழகிய ஆறு பேர் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது சண்டை வரலாம், வரட்டும். "உங்க ஆளுங்க" என்று தொடங்குகிற இடத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற நிலைமை வந்திருந்தால் போதும்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. லேப் இருக்கு, லைன் இருக்கு. வாரத்துக்கு ஒரு பீரியடும், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஆசிரியரும், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் ஒரு வருஷம் விட்டுவைக்கிற தலைமை ஆசிரியரும் வேண்டும். இதில் கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வார்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை ஏறுகிறவர்கள் உச்சியில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் நம்ம வயலும் தோப்பும், அந்தப் பக்கம் பெரியாற்றுக் காடும் தெரியும். வருஷத்தில் ஒரு நாள் பெரியவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது கிடைக்கட்டும்.